வேதாகமமும் நம் செபமும்

கல்லூரி விடுதியிலோ, இரயில் வண்டியிலோ, கலியாணப் பந்தலிலோ, கத்தோலிக்க இளைஞனொருவன் பிற சபைக் கிறிஸ்தவ நண்பரோடு சமயம் பற்றி உரையாடப் புகுந்தால், சிறிது நேரத்தில் எழும் வினா ஒன்றுண்டு. "உங்களவர் வேதாகமம் வாசிப்பதில்லையே, அஃது ஏன்?" என்பதே அவ்வினா. இதற்கு நம் இளைஞர் இருவகையாக விடை பகர்வர். சிலர் வெகுண்டு, வேதாகமத்தைக் காத்துத் தந்ததே எங்கள் திருச்சபையன்றோ என்று வாதிடப் புகுவர். வேறு சிலர் நாணமுற்றுப் பேச்சை வேறு பொருளுக்குத் திருப்புவர். இவ்விரு விடையும் போதா என்பது எமது கருத்து. அவ்வினாவிற் பாதி பொய், பாதி மெய். பொய்யான பாதி இன்னதென்று அறியாமையினாலேயே மெய்யான பாதியும் திருத்தம் பெறாது நிற்கின்றது. இதனை இயன்றவரை விளக்கிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

வேதாகமத்தைப் பற்றித் திருச்சபை கொண்டுள்ள கொள்கையை முதற்கண் நோக்குவோம். பழைய ஏற்பாட்டில் 46, புதிய ஏற்பாட்டில் 27, ஆக 73 ஆகமங்களைத் தேவ ஏவுதலால் எழுதப்பட்டவையென்று திரிதெந்தீன் பொதுச் சங்கம் 1546-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் வரையறுத்தது. இப்பட்டியல் அன்று புதிதாக இயற்றப்பட்டதன்று. 397-ஆம் ஆண்டிலேயே கார்த்தாகோ நகரில் கூடிய மேற்றிராணிமார் எண்ணிச் சொன்ன வரிசையும் இதுவே. பின்னர், 2-ஆம் வத்திக்கான் பொதுச் சங்கம் தேவ வெளிப்படுத்துதலைப் பற்றி 1965-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் வெளியிட்ட ஏட்டில், திருச்சபை ஆண்டவருடைய திருச்சரீரத்துக்குச் செலுத்திவரும் வணக்கத்தையொப்ப வேதாகமத்துக்கும் வணக்கஞ் செலுத்தி வந்துள்ளது என்னுங் கருத்தை எடுத்தோதிற்று. நற்கருணைக்கு ஒப்பாக வைத்தெண்ணப்படும் ஒரு பொருளைத் திருச்சபை புறக்கணித்ததென்பது எங்ஙனம் பொருந்தும்?

எனினும், கத்தோலிக்க விசுவாசம் ஓர் ஏட்டை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டதன்று. சேசுநாதர் தம் கைப்பட ஒரு நூலும் எழுதிவைத்துச் சென்றாரில்லை. அவர் சீடரைத் தெரிந்தெடுத்தார். அவர்களுக்குச் செபிக்கக் கற்பித்தார். அப்பத்தைப் பிட்டுக் கொடுத்துத் தம் நினைவாக அதனைச் செய்யப் பணித்தார். அங்ஙனம் கூடிச் செபித்துவந்த கூட்டத்தாரிடையே பிறந்தவையே புதிய ஏற்பாட்டு நூல்கள். அவற்றுள் மிகப் பழையனவற்றில் ஒன்று, கி.பி. 50-ஐ ஒட்டி அர்ச். சின்னப்பர் தெசலோனிக்கருக்கு வரைந்த முதல் நிருபம். அதன் இறுதியில், அந்நிருபம் சகோதரர் எல்லாருக்கும் வாசித்துக் காட்டப்படவேண்டுமென்று அவர் ஆணையிட்டுக் கூறுகின்றார். ஆகவே, தனியறையில் ஒருவர் கையிலிருக்கும் ஏடாதற்கு முன்னமே, சபை நடுவே ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டுச் செபிக்கும் வார்த்தையாக வேதாகமம் விளங்கிற்று. செபத்தில் பிறந்தது, செபத்தில் வாசிக்கப்பட்டது. இவ்வொன்றை மனத்திற் பதித்துக்கொண்டாற் பின்வருவன தெளிவாகும்.

நம்மூர்க் கோயிலில் ஞாயிறுதோறும் பூசை காணும் எழுத்தறியாத மூதாட்டி ஒருவரைக் கொள்வோம். வேதாகமத்தில் ஓரெழுத்தும் அவர் கற்றதில்லையென்று கற்றவர் எண்ணலாம். ஆயினும் உண்மை யாது? குருவானவர் பீடத்தினின்று மக்களை வாழ்த்தும் வாழ்த்து, பெத்லகேம் வயலில் போவாஸ் என்பவர் அறுவடைக்காரரை வாழ்த்தியதாக ரூத் ஆகமம் கூறும் வாழ்த்தேயாம். அம்மூதாட்டி பாடும் உன்னத கீதத்தின் தொடக்கம், லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்தில் சம்மனசுகள் இடையர்க்குப் பாடியது. மும்முறை பரிசுத்தர் எனப் போற்றும் கீதத்தின் முற்பகுதி இசையாஸ் தீர்க்கதரிசி தேவாலயத்திற் கண்ட காட்சியினின்றும், பிற்பகுதி எருசலேம் வீதியில் குருத்தோலை ஏந்திய மக்களின் ஆரவாரத்தினின்றும் வந்தவை. நன்மை வாங்குமுன் சேசுநாதரை ஆட்டுக்குட்டியாகக் குறித்து வேண்டுவது ஸ்நாபக அருளப்பர் யோர்தான் நதிக்கரையிற் சொன்ன சாட்சி. அதன்பின் தன் தகுதியின்மையைச் சொல்லித் தாழ்ந்து நிற்பதோ, தன் ஊழியன் பிழைக்கவேண்டி ஆண்டவரிடம் வந்த உரோமைப் படைத்தலைவனின் சொல். யூதனல்லாத ஒரு போர்வீரனின் விசுவாச மொழியைத் தன் மொழியாக்கிக்கொண்டு அவ்வேழை மூதாட்டி இறைவனை அணுகுகின்றார்.

வீட்டுச் செபங்களை நோக்கினும் அவ்வாறே. பரலோக மந்திரம் மத்தேயு சுவிசேஷம் 6-ஆம் அதிகாரத்திலும், சற்றுச் சுருங்கிய வடிவில் லூக்காஸ் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரத்திலும் உள்ளது. அருள் நிறைந்த மந்திரத்தின் முற்பாதி கபிரியேல் சம்மனசின் வாழ்த்தும் எலிசபெத்தம்மாளின் வாழ்த்தும் சேர்ந்தது. பிற்பாதி திருச்சபை சேர்த்த விண்ணப்பம். கோயில் மணியோசை கேட்டுச் சொல்லும் திரிகால செபம், தேவமாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட வரலாற்றைச் சில வாக்கியங்களுள் அடக்கியது. செபமாலைத் தேவ இரகசியங்களிற் பெரும்பாலானவை சுவிசேஷ நிகழ்ச்சிகளே. 2002-ஆம் ஆண்டு பாப்பரசர் 2-ஆம் அருள் சின்னப்பர் ஐந்து ஒளி இரகசியங்களை அவற்றோடு சேர்த்தபோது, ஆண்டவர் ஞானஸ்நானம் பெற்றதும், கானாவூர்க் கலியாணமும், இறைவனின் இராச்சியத்தை அவர் அறிவித்ததும், மலைமேல் மறுரூபமானதும், நற்கருணையை ஏற்படுத்தியதும் தியானப் பொருள்களாயின. மணிகளை உருட்டும் விரல்கள் சுவிசேஷத்தின் ஏடுகளைப் புரட்டும் விரல்களே என்பது மிகையாகாது.

இனி, திருச்சபையின் செபப் புத்தகம் யாதென்று வினவின், 150 சங்கீதங்களே என்று விடை கூறல் வேண்டும். 6-ஆம் நூற்றாண்டில் அர்ச். ஆசீர்வாதப்பர் தம் மடத்தார்க்கு வகுத்த ஒழுங்கில், 150 சங்கீதங்களும் ஒரு வாரத்தில் ஓதி முடிக்கப்படவேண்டுமென்று விதித்தார். இன்று திருச்சபையின் மணிச் செபத்தில் அவை நான்கு வாரத்துக்குப் பகிர்ந்தமைக்கப்பட்டுள்ளன. சேசுநாதர் தாமும் இச்சங்கீதங்களாலேயே செபித்தார். சிலுவையில் தொங்கியவாறு தம் பிதாவை நோக்கி அவர் எழுப்பிய கூக்குரல், பழைய கத்தோலிக்க எண்ணின்படி 21-ஆம் சங்கீதத்தின் தொடக்கம்; எபிரேய எண்ணின்படி அது 22 ஆகும். உயிர்விடுமுன் தம் ஆவியை ஒப்புவித்த மொழியும் மற்றொரு சங்கீதத்தினின்று எழுந்ததே. உலகை மீட்கவந்தவர் தம் மரண வேளையிற் சொல்வதற்குச் சொற்களைத் தேடியது வேதாகமத்திலென்றால், நாம் வேறெங்குச் சென்று தேடுவது?

இதுகாறும் கூறியவற்றால், கத்தோலிக்கர் வேதாகமத்தை அறியார் என்னும் சொல்லிற் பாதி பொய்யென்பது விளங்கும். இனி மெய்யான பாதிக்கு வருவோம். நாவில் வேதம் உள்ளது. அது வேதமென்று நாவுக்குடையவர் அறியார். தாம் சொல்லும் செபம் எந்த நிகழ்ச்சியினின்று பிறந்தது, அதனை முதலிற் சொன்னவர் யார், அவர் எந்நிலையில் நின்று அதனைச் சொன்னார் என்பவற்றைக் கற்றோரிலும் பலர் அறியார். வீட்டில் வேதாகமம் உண்டு. கலியாணத்திற் பரிசாக வந்தது. பட்டுத்துணியிற் சுற்றி மாடத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கொருமுறை தூசி தட்டப்படுகின்றது. வணக்கம் உண்டு, வாசிப்பு இல்லை.

இந்நிலை எவ்வாறு வந்ததென்பதை மறையாது கூறுவதே நேர்மை. ஆதியில் இவ்வாறில்லை. அர்ச். எரோணிமுஸ் என்பவர் 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேதாகமத்தை இலத்தீனில் ஆக்கியது, அக்காலத்து மேற்றிசைப் பொதுமக்கள் பேசிய பாஷை அதுவாயிருந்தமையால். வேதாகமத்தை அறியாதவன் கிறிஸ்துவையே அறியாதவனாவான் என்னுங் கருத்தை வலியுறுத்தியவரும் அவரே. அச்சு இயந்திரம் தோன்றிய சில ஆண்டுகளில், 1466-இல் ஜெர்மன் பாஷையிலும் 1471-இல் இத்தாலிய பாஷையிலும் முழு வேதாகமம் அச்சாயிற்று. இவை லுத்தேர் பிறப்பதற்கு முற்பட்டவை. ஆனால் 16-ஆம் நூற்றாண்டிற் சபைகள் பிளவுற்றுப் பூசல் மிகுந்தபொழுது, தவறான மொழிபெயர்ப்புகளாலும் மனம்போன வியாக்கியானங்களாலும் மக்கள் கெடுவரென்று அஞ்சிய அதிகாரிகள், 1564-இல் ஒரு கட்டுப்பாட்டை விதித்தனர். தேச பாஷையிலுள்ள வேதாகமத்தை வாசிக்க விரும்புவோர் மேற்றிராணியார் முதலியோரின் அனுமதி பெறல்வேண்டும் என்பது அது. அக்கட்டுப்பாடு 1757-இல், 14-ஆம் ஆசீர்வாதப்பர் காலத்தில், பெரிதும் தளர்த்தப்பட்டது. அங்கீகாரமும் விளக்கக் குறிப்புகளும் உடைய பதிப்புகளை எவரும் வாசிக்கலாமென்றாயிற்று. 1893-இல் 13-ஆம் சிங்கராயரும், 1920-இல் 15-ஆம் ஆசீர்வாதப்பரும், 1943-இல் 12-ஆம் பத்திநாதரும் வேதாகமக் கல்வியைத் தூண்டி நிருபங்கள் விடுத்தனர். 1965-இல் பொதுச் சங்கம் விசுவாசிகள் அனைவரையும் வாசிக்கும்படி வற்புறுத்திற்று. 2019-இல் பிரான்சிஸ் பாப்பரசர், பொதுக் காலத்து 3-ஆம் ஞாயிற்றைத் தேவ வார்த்தையின் ஞாயிறாக ஏற்படுத்தினார். விதி நெடுங்காலத்துக்கு முன்னமே போயிற்று. விதியால் உண்டான வழக்கம் போகவில்லை. திறந்துவிட்ட கூண்டினுள்ளே கிளி இருந்துகொண்டு, பூட்டியிருக்கிறதென்று நினைப்பதை இஃது ஒக்கும்.

நம் நாட்டு நிலையையும் ஈண்டு நினைத்தல் தகும். இந்தியாவில் தமிழெழுத்தில் அச்சேறிய முதல் நூல், சேசுசபைக் குருவான என்றிக்கே என்றிக்கஸ் என்பவர் 1578-இற் கொல்லத்தில் வெளியிட்ட 'தம்பிரான் வணக்கம்' என்பதாம். அது செபங்களும் ஞானோபதேசமும் அடங்கியது. புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது அதற்கு ஏறக்குறைய 135 ஆண்டுகளுக்குப் பின், 1714-15-இல் தரங்கம்பாடியில், லுத்தேரன் சபைச் சீகன்பால்கு ஐயர் முயற்சியால். எனவே தமிழ்க் கத்தோலிக்கர் கைக்கு முதலில் வந்தது செபப் புத்தகமே. வீரமாமுனிவர் 1726-இல் 'தேம்பாவணி' பாடி, அர்ச். சூசையப்பர் வரலாற்றினூடே வேதாகமக் கதைகள் பலவற்றைத் தமிழ்க் காப்பியமாக்கினார். யாக்கோமே கொன்சால்வஸ் குரு இலங்கையில் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்திற் பாடுகளின் வரலாற்றை மக்களுக்குக் கண்ணீரோடு உணர்த்திற்று. அச்சுப் புத்தகம் வாங்கவும் வாசிக்கவும் இயலாதிருந்த மக்களுக்குச் செபமும் பாட்டும் பிரசங்கமுமே வேதாகமமாக நின்றன. அஃது அக்காலத்துக்கு ஏற்ற நன்முறை. அதனைக் குறைகூறுவார் நன்றி கொன்றவராவர். ஆனால் எழுத்தறியாத பாட்டியார்க்குப் பொருந்திய சமாதானம், பட்டம் பெற்ற பேரனுக்குப் பொருந்துமோ?

இவ்வினாவை நம் மாணவர் தம்முள்ளே ஆராய்தல் வேண்டும். பௌதிகமும் கணிதமும் பொருளாதாரமும் இருபது வயதின் அளவுக்குக் கற்றுத் தேர்ந்த ஒருவன், வேத அறிவில் மாத்திரம் புதுநன்மை வாங்கிய வயதிலேயே நின்றுவிடுகின்றான். வளர்ந்த உடலுக்குச் சிறுவயதுச் சட்டையை மாட்டினால் அது கிழியும். கிழிந்தபின் சட்டையே வேண்டாமென்று எறிந்துவிடுவான். விசுவாசத்தை இழந்தோமென்று கூறும் இளைஞர் சிலர் இழந்தது, உண்மையில், தம் பத்தாம் வயதுச் சட்டையை மாத்திரமே.

இதனினும் பெரியதோர் அபாயம் உண்டு. துன்பம் வருங்கால் அது வெளிப்படும். தந்தையை இழந்தோ, தேர்வில் தவறியோ, தீராப் பிணியுற்றோ ஓர் இளைஞன் மனமுடைந்திருக்கின்றான். அவனுள்ளத்தில் எழுவது நன்றியன்று, கோபம், துதியன்று, முறையீடு. நல்ல வார்த்தைகளாற் செய்யப்பட்ட செபங்களையே அவன் கற்றிருக்கின்றான். ஆகையால் இறைவனிடம் முறையிடுவது பாவமென்றெண்ணி வாய்மூடுகின்றான். வாய்மூடியவன் சின்னாளிற் செபத்தையே விட்டுவிடுகின்றான். அவன் சங்கீதங்களை அறிந்திருந்தால், அவற்றுட் பெரும்பங்கு புலம்பலும் முறையீடுமே என்பதைக் கண்டிருப்பான். எபிரேய எண்ணில் 88-ஆம் சங்கீதம் ஆறுதலின் ஒளி ஒன்றுமின்றி இருளென்னுஞ் சொல்லோடேயே முடிவதைக் கண்டிருப்பான். யோபு இறைவனோடு வழக்காடியதையும், ஈற்றில் இறைவன் யோபுவைக் கடியாமல், அவனுக்குப் பொய்யாறுதல் கூறிய நண்பரைக் கடிந்ததையும் வாசித்திருப்பான். தன் கோபமும் செபமாகலாமென்று அறிந்திருப்பான். வேதாகமத்தை வாசியாமையால் வரும் நட்டங்களுள் தலையாயது இதுவே என்பது எமது துணிபு. வாதத்திற் பிறர்முன் தோற்பது சிறு நட்டம். துன்பத்தில் இறைவனோடு பேச்சற்றுப்போவது பெருநட்டம்.

இனி, வாசிக்கும் முறையைப் பற்றிச் சிறிது கூறுவாம். வேதாகமம் ஒரு புத்தகம்போலக் கட்டப்பட்டிருப்பினும், உண்மையில் அது ஒரு நூல் நிலையம். அதனுள் வரலாறு உண்டு, சட்டம் உண்டு, காதற் பாட்டு உண்டு, பழமொழி உண்டு, உவமைக் கதை உண்டு, நிருபம் உண்டு. தமிழ் கற்ற மாணவர்க்கு இஃதோர் இடர்ப்பாடன்று. அகப்பாட்டில் வரும் தலைவியின் ஊரும் பேரும் யாதென்று எவரும் தேடிப் புறப்படுவதில்லை; புறப்பாட்டில் வரும் வேந்தனை வரலாற்றில் தேடாமலும் இருப்பதில்லை. திணையும் துறையும் அறிந்தே பாட்டின் பொருள் கொள்கிறோம். அங்ஙனமே வேதாகமத்திலும் எந்நூல் எவ்வகை இலக்கியமென்றறிந்து பொருள்கொள்ளல் வேண்டுமென்பதை 12-ஆம் பத்திநாதர் 1943-ஆம் ஆண்டு நிருபத்தில் அறிவுறுத்தினார். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைப் பௌதிகப் பாடப் புத்தகமாகக் கொண்டு விஞ்ஞானத்தோடு மல்லிடுவோரும், அதே காரணத்தால் அதனை எள்ளி நகையாடுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்.

உரையின்றிப் பழைய நூலைக் கற்பதும் இயலாது. இளம்பூரணரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் இலரேல் தொல்காப்பியத்தில் நாம் எத்துணை தூரஞ் செல்வோம்? வேதாகமத்துக்குத் திருச்சபை அத்தகைய உரை மரபாக நிற்கின்றது. பிதாக்களின் வியாக்கியானமும், பொதுச் சங்கங்களின் தீர்ப்பும், அர்ச்சியசிஷ்டரின் வாழ்க்கையும் சேர்ந்ததே அவ்வுரை. உரையாசிரியர் மூலத்தை மறைப்பவரல்லர். மூலத்துக்கு ஏவல் செய்பவர். திருச்சபையின் போதகமும் தேவ வார்த்தைக்கு மேற்பட்டதன்று, அதற்கு ஊழியம் செய்வதென்பதை 1965-ஆம் ஆண்டு ஏடு வெளிப்படையாகவே கூறுகின்றது. உரையை மாத்திரம் மனனஞ் செய்து மூலத்தைத் தொடாத மாணவனைத் தமிழாசிரியர் எவரும் மெச்சார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவற்றினும் முக்கியமானது, வாசிப்புச் செபமாதல். 12-ஆம் நூற்றாண்டிற் கர்த்தூசிய சபைத் தலைவராயிருந்த 2-ஆம் கீகோ என்பவர், இதனை நான்கு படிகளையுடைய ஏணியாக வகுத்தார். வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனை உள்ளத்தில் நோக்கி அமைதல் என்பன அப்படிகள். வாசிப்பு உணவை வாயிலிடுகின்றது, தியானம் அதனை மெல்லுகின்றது, செபம் அதன் சுவையை அடைகின்றது, நான்காம் படியோ அச்சுவையேயாய் இருத்தல் என்பது அவர் காட்டும் உவமையின் சாரம். அர்ச். இஞ்ஞாசியார் இயற்றி, 3-ஆம் சின்னப்பர் 1548-இல் அங்கீகரித்த ஞானப் பயிற்சி நூலும் சுவிசேஷக் காட்சிகளை மனக்கண்முன் நிறுத்தி, அங்கே தானும் ஒருவனாய் நின்று, கண்டும் கேட்டும், ஈற்றில் ஒரு நண்பனோடு பேசுவதுபோல் ஆண்டவரோடு பேசக் கற்பிக்கின்றது. நம் கல்லூரிகளில் நடைபெறும் ஞானத் தியானங்கள் இம்முறையினின்று வந்தவை என்பதை மாணவர் அறிவர்.

இங்ஙனம் செபத்தோடு கேட்கப்பட்ட ஒரு வாக்கியம் என்ன செய்யவல்லதென்பதற்குச் சான்றுகள் பல. எகிப்து தேசத்தில் செல்வமுடைய இளைஞரொருவர், பெற்றோரை இழந்தபின், கோயிலுக்குச் சென்றார். அங்கே அப்பொழுது வாசிக்கப்பட்டது, உடைமையை விற்று ஏழைகட்குக் கொடுக்கும்படி ஆண்டவர் ஓர் இளைஞனுக்குச் சொன்ன சுவிசேஷப் பகுதி. அது தமக்கே சொல்லப்பட்டதென்று கொண்டு அவ்வாறே செய்தார். அவரே வனத்து அந்தோனியார். 386-இல் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் அர்ச். அகுஸ்தீன் ஏட்டைத் திறந்து, உரோமையர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்திற் கண்ட வாக்கியத்தாற் புதுமனிதரானார். இவ்வரலாற்றைக் கேட்டுச் சிலர், கிளி சோதிடன் சீட்டெடுப்பதுபோல் வேதாகமத்தைக் கண்ணைமூடித் திறந்து, விரல்பட்ட வரியைத் தம் அன்றைய காரியத்துக்குக் குறியாகக் கொள்வர். அது தகாது. அகுஸ்தீன் அன்றைக்கு முன்னரே சின்னப்பரின் நிருபங்களை ஊன்றிக் கற்றுவந்தவர். மேலும், அவ்வரி அவருக்கு வருவதுரைக்கும் குறியாக வரவில்லை. வாழ்க்கையை மாற்றும் கட்டளையாகவே வந்தது. குழந்தை தெரேசம்மாள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12, 13-ஆம் அதிகாரங்களை வாசித்தபொழுது, முதலதிகாரத்தில் மனநிறைவு பெறாமல், வாசிப்பை விடாது தொடர்ந்து, அன்பே தன் அழைத்தல் என்று அடுத்த அதிகாரத்திற் கண்டுகொண்டதைத் தாமே எழுதியுள்ளார். விடாது தொடர்தல் என்பதே அதிற் கவனிக்கத் தக்கது.

"செபமாலையும் நவநாளும் இருக்க, வாசிப்பு வேறு எதற்கு?" என்பார் உளர். செபமாலையை விட்டு வேதாகமத்தைக் கொள்ளுமாறு யாம் கூறவில்லை. கானாவூர் வரலாற்றை வாசித்தவன் சொல்லும் செபமாலைக்கும், வாசியாதவன் சொல்லும் செபமாலைக்கும் பெரிதும் வேற்றுமையுண்டு. பின்னவன் மணிகளை எண்ணுகின்றான்; முன்னவன் திராட்சை இரசம் குறைந்த பந்தலில் தேவமாதாவின் பக்கத்தே நிற்கின்றான். "நேரமில்லை" என்பார்க்கு ஒன்று கூறுவோம். மாற்கு எழுதிய சுவிசேஷம் 16 அதிகாரங்களே. ஓரிரு மணி நேரத்துள் முழுவதும் வாசித்துவிடலாம். ஒரு கிரிக்கெட்டுப் பந்தயத்தின் பாதியளவு நேரமும் அதற்கு வேண்டுவதில்லை. "பொருள் விளங்கவில்லை" என்பார் கூற்றில் உண்மையுண்டு. ஆனால் விளங்காத நூலை விட்டுவிடுவது மாணவர்க்கு அழகன்று. ஆசிரியரை அணுகுவதே அழகு.

ஆகவே செயற்பாலன சிலவற்றைக் கூறி முடிப்பாம். 1969-இல் வெளியான வாசக ஒழுங்கின்படி, ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றாக அமைக்கப்பட்டுள்ளன. ஓராண்டு மத்தேயு, ஓராண்டு மாற்கு, ஓராண்டு லூக்காஸ் என வரும். அருளப்பர் சுவிசேஷம் தவக்காலம், பாஸ்குக் காலம் முதலியவற்றில் வாசிக்கப்படும். அதற்கு முன் ஞாயிறு பூசையில் அரிதாகவே கேட்கப்பட்ட பழைய ஏற்பாடு இப்பொழுது பெரும்பாலும் வாரந்தோறும் வாசிக்கப்படுகின்றது. இத்துணைச் செல்வம் பந்தியிற் பரிமாறப்படும்போது, பசியின்றிச் சென்று அமர்தல் தகுமோ? சனிக்கிழமை மாலை மறுநாட் சுவிசேஷத்தை ஒருமுறை வாசித்துவைத்தாற் போதும். ஞாயிறன்று அது பழகிய குரலாய்க் காதில் விழும். இரவில் உறங்குமுன் ஒரு சங்கீதத்தை மெல்ல ஓதுக. நாளொன்றுக்கு ஒன்றாக ஐந்து மாதத்தில் 150-ம் நிறைவுறும். விடுமுறையில் ஊர் செல்லுங்கால் ஒரு சுவிசேஷத்தைத் தொடக்கமுதல் இறுதிவரை இடைவிடாது வாசித்துப் பார்க்க. இயன்றால் வீட்டிலுள்ள முதியோர்க்கு உரக்க வாசித்துக் காட்டுக. நெடுநாள் நாவினால் ஓதிவந்த செபங்கள் எங்கிருந்து வந்தன என்பதை அவர்கள் கேட்டு மகிழ்வதை அப்போது காண்பீர்கள்.

முதலிற் கூறிய வினாவைக் கேட்கும் நண்பரையும் பகைவராக எண்ணற்க. அவர் கேட்டமையாலேயே நாம் நம்மிடமுள்ளதை ஆராய்ந்தோம். முன்னாளிற் பூசலுக்குக் காரணமாயிருந்த அதே நூலைத் தமிழ்நாட்டிற் கத்தோலிக்கரும் பிற சபையாரும் ஒருங்கு கூடி மொழிபெயர்த்து, 1995-இற் பொது மொழிபெயர்ப்பாக வெளியிட்டுள்ளனர். எனவே அவ்வினாவுக்குத் தக்க விடை வாதத்திலில்லை. "வாருங்கள், வரும் ஞாயிற்றின் சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசிப்போம், வாசித்தபின் சேர்ந்து செபிப்போம்" என்று நம் இளைஞன் சொல்லும் நாளில், வினாவின் மெய்யான பாதியும் பொய்யாய்ப் போம். அந்நாள் விரைவில் வருவதாக.